ஆள்கடத்தல் தடுப்புத் திட்டங்களை மதிப்பிடும் வேலை: அதில் உண்மையாகவே எதையாவது அளக்க முடிகிறதா?

11 ஜனவரி 2024 (கேட்டவர்)

எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடித்து ஒரு வருஷம் ஆகிறது. ஆள்கடத்தல் தடுப்புத் திட்டம் ஒன்றை மதிப்பிடும் குழுவில் களப்பணியாளர் வேலை வந்திருக்கிறது. எட்டு மாதம். என் சீனியர் ஒருவர், "முன்பே எழுதிவைத்த முடிவுக்கு எண் நிரப்பும் வேலை அது, போகாதே" என்கிறார். துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், சேரலாமா?

11 ஜனவரி 2024, இரவு

சேருங்கள். உங்கள் சீனியர் சொல்வது பாதி உண்மை, அந்தப் பாதியைத் தெரிந்துகொண்டே சேருங்கள்.

நான் 2003இலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். புள்ளியியல் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் திண்டுக்கல் பக்கம் ஒரு கணக்கெடுப்பில் படிவம் நிரப்பப் போனேன். நூற்பாலைக்குப் போய்த் திரும்பிய பெண்களிடம் கேள்வி கேட்கும் வேலை. ஆறு மாதத்தில் விட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன்.

எண் நிரப்பும் மதிப்பீடுகள் இருக்கின்றன. திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர், நடத்தியவர், மதிப்பிடுபவர் மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டால் அறிக்கை எப்படி வரும்? ஆனால் ஒழுங்காகச் செய்த மதிப்பீடு ஒரு ஊருக்குப் போய்ச்சேரும் பணத்தின் திசையையே மாற்றியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

14 ஜனவரி 2024

முதலில் சொல்லைப் பற்றி. 'ஆள்கடத்தல்' என்றதும் நம் மனதில் வருவது வேன், வாயில் துணி, இரவு. தங்கத்துக்கும் சந்தனக்கட்டைக்கும் சொல்கிற அதே 'கடத்தல்' என்ற சொல்லை இதற்கும் வைத்திருக்கிறோம், அதனால் வந்த குழப்பம். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோரைக் கூட்டிப்போனது தெரிந்த ஆள். தாய்மாமன், பக்கத்துத் தெரு அக்கா, ஊருக்கு வருஷாவருஷம் வரும் மேஸ்திரி. பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, வழியில் சாப்பாடும் வாங்கிக் கொடுத்துத்தான் கூட்டிப்போனார்கள்.

2000ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறை மூன்று விஷயங்களைக் கேட்கிறது. என்ன செய்தார்கள் (ஆள் சேர்த்தல், கொண்டுபோதல், அடைத்துவைத்தல்), எந்த வழியில் செய்தார்கள் (மிரட்டல், ஏமாற்று, ஒருவருடைய இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது), எதற்காகச் செய்தார்கள் (சுரண்டல்). 18 வயதுக்குக் கீழே என்றால் நடுவில் உள்ள 'வழி' தேவையே இல்லை. எல்லை தாண்டவும் வேண்டியதில்லை. உசிலம்பட்டியிலிருந்து பல்லடம் போனாலும் போதும்.

இது தெரியாமல் களத்துக்குப் போய் "உங்களை யாராவது கடத்தினார்களா?" என்று கேட்டால் எல்லாரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். "கிளம்புவதற்கு முன்னால் எவ்வளவு பணம் வாங்கினீர்கள்? வேலையை விட்டுப் போக நினைத்தால் போகமுடியுமா? கடைசியாக எப்போது வெளியே கடைக்குப் போனீர்கள்?" இப்படிக் கேட்க வேண்டும். ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 2012இல் கட்டாய உழைப்புக்கு 11 அறிகுறிகளைத் தொகுத்திருக்கிறது. கூலியை நிறுத்திவைப்பது, அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது, கடனில் கட்டிப்போடுவது என்று போகும். எங்கள் படிவங்களெல்லாம் அதிலிருந்து பிறந்தவைதான்.

உலகம் முழுக்க 5 கோடிப் பேர் இப்படிக் கடத்தப்பட்டிருக்கிறார்கள் என்று 2022இல் வந்த கணக்கு சொல்கிறது.

15 ஜனவரி 2024

திருத்தம். ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வது சரி. அந்த 5 கோடி (துல்லியமாக 4.96 கோடி) 'நவீன அடிமைத்தனம்' என்ற பெரிய குடைக்குக் கீழே வருவது. கட்டாய உழைப்பில் 2.76 கோடி, கட்டாயத் திருமணத்தில் 2.2 கோடி. 'கடத்தப்பட்டவர்கள்' என்று நான் எழுதியது தவறு. இருபது வருஷம் இதே வேலையில் இருந்தும் போகி அன்று அவசரத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

ஆனால் இந்தத் தவறைத்தான் பத்திரிகைகள் தினமும் செய்கின்றன. வாக் ஃப்ரீ அமைப்பின் அடிமைத்தனக் குறியீடு 2013இல் 2.98 கோடி என்றது, 2014இல் 3.58 கோடி, 2016இல் 4.58 கோடி. மூன்று வருஷத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் கூடினார்களா? இல்லை. கணக்கிடும் முறை மாறியது. முறை மாறியதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினால் 'பிரச்சினை வளர்கிறது' என்ற தலைப்பு தானாகக் கிடைத்துவிடும்.

இன்னொன்று. அமெரிக்க அரசு ஒரு காலத்தில் ஆண்டுக்கு 6 முதல் 8 லட்சம் பேர் எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர்களுடைய தணிக்கை அலுவலகமே 2006இல் ஆராய்ந்து, அந்தக் கணக்கைப் போட்டவர் ஒரே ஒரு ஆள், அவரும் தான் செய்ததை முழுதாக எழுதிவைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. என் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இந்தக் கதையைச் சொல்வேன். என்ன செய்தாய் என்பதை நோட்டில் எழுதிவை. தப்பாகச் செய்திருந்தாலும் எழுதிவை.

21 ஜனவரி 2024

"ஒளிந்திருப்பவர்களை எப்படி எண்ணுவீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி, கண்மாய் மீன் வழி. நூறு மீன் பிடித்து, அடையாளம் வைத்துத் திரும்ப விடுகிறீர்கள். அடுத்த வாரம் நூறு பிடிக்கிறீர்கள். அதில் பத்து மீனில் அடையாளம் இருக்கிறது. அப்படியானால் கண்மாயில் ஏறத்தாழ ஆயிரம் மீன். போலீஸ், தொண்டு நிறுவனங்கள், உள்ளாட்சி என்று தனித்தனியாக வைத்திருக்கும் பட்டியல்களில் எத்தனை பேர் இரண்டிலும் மூன்றிலும் வருகிறார்கள் என்று பார்த்து, எந்தப் பட்டியலிலும் வராதவர்களை மதிப்பிடலாம். 2013ஆம் ஆண்டுக்கு பிரிட்டனில் தெரிந்த கணக்கு 2,744 பேர். பெர்னார்ட் சில்வர்மன் என்ற புள்ளியியலாளர் இந்த முறையில் போட்டபோது 10,000 முதல் 13,000 வரை வந்தது. நம் ஊரில் இதைச் செய்ய முயன்றேன், நடக்கவில்லை. பட்டியல்களில் ஒரே பெண்ணின் பெயர் மூன்று விதமாக இருந்தது, அப்பா பெயருக்குப் பதில் ஊர்ப் பெயர் இருந்தது. மீனில் வைத்த அடையாளம் தண்ணீரில் கரைந்துபோனதற்குச் சமம்.

இரண்டாவது, ஆளை வைத்து ஆளைப் பிடிப்பது. டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997இல் எழுதியது. ஒருவரிடம் பேசி முடித்ததும் மூன்று கூப்பன் கொடுப்போம். அவர் தன்னைப்போன்ற மூவரை அனுப்புவார், அவர்கள் இன்னும் மூவரை. ஷெல்டன் ஜாங் சான் டியாகோவில் ஆவணமில்லாத தொழிலாளர்களிடம் இப்படிச் செய்து, 30 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கடத்தல் என்று சொல்லத்தக்க நிலையைச் சந்தித்திருந்ததாகக் கண்டார். நாங்கள் ஒரு மில் பகுதியில் முயன்றோம். கூப்பன் நகரவே இல்லை. விடுதிப் பெண்கள் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வருவார்கள், வார்டனோடு, வரிசையாக. கூப்பனை யாரிடம் கொடுப்பது? அந்தக் கூப்பன் நகராததுதான் எங்கள் முக்கியமான கண்டுபிடிப்பு என்று இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

மூன்றாவது, புளியங்கொட்டை. "முதலாளி அடித்தாரா?" என்று நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். பாதிப் பேருக்கு நான்கு வாக்கியம் படித்துக் காட்டி, எத்தனை உங்களுக்குப் பொருந்தும், எவை என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்போம். மீதிப் பேருக்கு அதே நான்கோடு அடித்தது பற்றிய ஐந்தாவது வாக்கியம். முதல் குழுவின் சராசரி 2.1, இரண்டாவதின் சராசரி 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.3. அப்படியென்றால் 30 சதவீதம் பேர் அடி வாங்கியிருக்கிறார்கள். அடிபட்டது யார் என்று எங்களுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. விரல் விட்டு எண்ணினால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவார் என்று மடிக்குள் புளியங்கொட்டை போட்டு எண்ணச் சொன்னோம். ஒரு பாட்டி எண்ணி முடித்துவிட்டு, "கொட்டைய நானே வெச்சுக்கலாமா, பல்லாங்குழிக்கு ஆகும்" என்றார். வைத்துக்கொண்டார்.

9 பிப்ரவரி 2024

இன்று கொத்தடிமை முறை ஒழிப்பு நாள். ஆபீஸ்களில் உறுதிமொழி எடுத்திருப்பார்கள்.

சட்டம் வந்தது 1976இல். 2016இல் மத்திய அரசு 2030க்குள் 1.84 கோடிப் பேரை விடுவிப்போம் என்றது. 1978இலிருந்து 2023 தொடக்கம் வரை விடுவிக்கப்பட்டவர்கள் 3 லட்சத்துக்குச் சற்று மேல். 45 வருஷத்தில் 3 லட்சம். 1.84 கோடியை எட்ட வேண்டுமானால் 2016இலிருந்தே வருஷத்துக்கு 13 லட்சம் பேரை விடுவித்திருக்க வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

13 பிப்ரவரி 2024

போன குறிப்பு குட்டையாகப் போய்விட்டது, கோபத்தில் எழுதினேன். விஷயத்தை முழுசாகச் சொல்கிறேன்.

திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகளிலிருந்து விடுவிக்கப்பட்ட இருளர் குடும்பங்களை ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்க்கும் வேலை ஒரு தடவை கிடைத்தது. திட்டத்தின் அறிக்கையில் எல்லாம் பச்சை நிறம். இத்தனை பேர் மீட்கப்பட்டார்கள், இத்தனை பேருக்கு ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார். எல்லாம் உண்மைதான். சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கூரையில் செருகி வைத்திருந்தார்கள், எடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் சில வீடுகள் பூட்டியிருந்தன. சில வீடுகளுக்குப் பூட்டும் இல்லை, கதவும் இல்லை. பக்கத்தில் விசாரித்தால், "கல்லு அறுக்கப் போயிட்டாங்க" என்றார்கள். வேறு சூளை, வேறு முதலாளி, புதிய முன்பணம். பிள்ளைக்குக் காய்ச்சல், 5,000 தேவைப்பட்டது, மேஸ்திரி அன்றைக்கே கொடுத்தார். அரசுப் பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. 2016 திட்டத்தின்படி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு 3 லட்சம். ஆனால் அந்தத் தொகையை வழக்கின் முடிவோடு கட்டிவைத்துவிட்டார்கள். வழக்கு எத்தனை வருஷம் ஓடும்? கையில் உடனே கிடைப்பது 20,000 மட்டும். எதிர்ப்பக்கம், சட்டத்தில் முதலாளிக்கு அதிகபட்சத் தண்டனை 3 வருஷமும் 2,000 ரூபாய் அபராதமும். அந்த 2,000 ரூபாய் 1976இல் எழுதியது.

அந்த வீடுகளைப் 'பார்க்க முடியவில்லை' என்ற கட்டத்தில் குறித்துவிட்டு நகரச் சொல்லி மேலிருந்து சொன்னார்கள். நாங்கள் குறிக்கவில்லை. தேடிப்போனோம். இரண்டு நாள் சூளை சூளையாக அலைந்தோம், சில குடும்பங்களைக் கண்டுபிடித்தோம். தேடிப்போனதால்தான், 'விடுதலை' என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் 'திரும்பிவிட்டது' என்று இன்னொரு கட்டம் அறிக்கையில் வந்தது. அடுத்த வருஷம் அந்தத் திட்டம், மீட்பு நடந்த முதல் 90 நாளுக்குள் குடும்பத்துக்குப் பணமும் வேலையும் கிடைக்கச் செய்வதற்கென்று தனியாக நிதி ஒதுக்கியது. ஊருக்குப் போகும் பணத்தின் திசை மாறியது என்று சொன்னேனே, அது இதுதான்.

14 பிப்ரவரி 2024

உடனடித் தொகை 2022 முதல் 30,000 என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆமாம். நான் சொன்னது நாங்கள் அங்கே போயிருந்த சமயத்து நிலவரம். நன்றி.

3 மார்ச் 2024 (கேட்டவர்)

சேர்ந்துவிட்டேன். ஏப்ரலில் பயிற்சி. என் ஊரிலேயே சுமங்கலித் திட்டத்தில் போன அக்காக்கள் உண்டு. அதைப் பற்றி எழுதுவீர்களா?

4 மார்ச் 2024

மகிழ்ச்சி. எழுதுகிறேன். எனக்கு இன்னும் நெஞ்சில் கிடக்கிற கதை அது.

தெரியாதவர்களுக்காக: நூற்பாலைகளில் மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் 30,000 முதல் 50,000 வரை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லி, பதின்வயதுப் பெண்களை எடுத்தார்கள். பெயரிலேயே மாப்பிள்ளையைக் காட்டிவிட்டார்கள். பயிற்சித் தொழிலாளி என்று பதிவு செய்தால் கூலியைக் குறைக்கலாம். இரண்டரை வருஷத்தில் உடம்பு முடியாமல் வந்தால் மொத்தத் தொகையும் போச்சு. 2011ஐ ஒட்டி வெளிநாட்டு அமைப்புகளின் அறிக்கைகள் வந்து, துணி வாங்கும் கம்பெனிகள் கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகு அந்தப் பெயர் மறைந்தது. விடுதி மறையவில்லை. 'கேம்ப் கூலி' என்றார்கள்.

18 வயதுக்குக் கீழே மில்லுக்குப் போவதைக் குறைக்க ஒரு திட்டம் சில கிராமங்களில் மூன்று வருஷம் நடந்தது. நாங்கள் பேஸ்லைன் (திட்டம் தொடங்குமுன் எடுக்கும் கணக்கு) எடுத்தோம், எண்ட்லைன் (முடிந்தபின் எடுக்கும் கணக்கு) எடுத்தோம். மில்லில் இருக்கும் சிறுமிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போயிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வரைபடம் போட்டு அனுப்பியும் விட்டேன்.

சரிபார்ப்புக்காகக் கடைசியாகப் போன வீட்டில் ஒரு ஆயா முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தார். "மில்லுக்கு யாரும் போகலையே" என்றேன். "அதான் கட்டிக் குடுத்தாச்சே" என்றார். யாரை? பேஸ்லைனில் 14 வயது என்று எழுதியிருந்த பேத்தியை. அவள் எங்கள் எண்ட்லைன் படிவத்தில் எங்குமே இல்லை. ஏனென்றால் எங்கள் கேள்வி, "இப்போது இந்த வீட்டில் வசிப்பவர்கள் யார் யார்?" கல்யாணம் ஆகிப் போனவள் இப்போது இங்கே வசிக்கவில்லை. எங்கள் கணக்கில் அவள் திட்டத்தின் வெற்றி.

ஊருக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் என்னால் யாரோடும் பேச முடியவில்லை. மறுபடி எல்லா வீட்டுக்கும் போக வேண்டும் என்று கேட்டேன். பணமில்லை என்றார்கள். நாங்கள் நான்கு பேர் எங்கள் விடுமுறையில் போனோம்.

6 ஏப்ரல் 2024

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் அந்தத் திட்டம் தோல்வியா?" என்று கேட்கிறார்கள். ஒரு மாதமாக யோசிக்கிறேன். அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. சிலரைக் கல்யாணம் கட்டிக் கொடுத்திருந்தார்கள், பலர் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தார்கள். அதே சமயம் திட்டம் நடக்காத பக்கத்துக் கிராமங்களிலும் மில்லுக்குப் போவது குறைந்திருந்தது. மில்காரர்கள் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆக, நம் பிள்ளைகள் போகாததற்கு ஒரு காரணம், அந்த இடத்தில் வேறு யாருடைய பிள்ளையோ வந்து நிற்பது. எங்கள் மதிப்பீட்டின் எல்லைக்கோடு மாவட்டத்தோடு முடிந்துவிட்டது.

ஒப்பிட இன்னொரு ஊர் இல்லாமல் 'குறைந்தது' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் சொன்னாலும்தான்.

7 ஏப்ரல் 2024

விழிப்புணர்வுக் கூட்டம் போட்டால் போதாதா என்று கேட்டவருக்கு: போதாது. தெற்காசியாவிலிருந்து வீட்டு வேலைக்கும் துணி ஆலைக்கும் போகும் பெண்களுக்காக, பிரிட்டன் நிதியில் ஐஎல்ஓ 2013 முதல் நடத்திய 'வொர்க் இன் ஃப்ரீடம்' திட்டத்தை லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் ஆய்வாளர்கள் கூடவே இருந்து ஆராய்ந்தார்கள். கிளம்புமுன் கொடுக்கும் குட்டிப் பயிற்சி மட்டும் ஒருவரைப் பெரிதாகக் காப்பாற்றுவதில்லை என்பதுதான் அதில் தெரிந்தது. போய்ச் சேருகிற இடத்தில் யார் கையில் சாவி இருக்கிறதோ அவர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார். "ஏமாறாதே" என்று பெண்ணிடம் சொல்வது செலவு குறைந்த வேலை, அதனால்தான் எல்லாரும் அதையே செய்கிறார்கள்.

2 ஜூலை 2024

நேற்று முதல் புதிய குற்றவியல் சட்டம். ஆள்கடத்தலுக்கான இ.பி.கோ. 370ஆவது பிரிவு போய் பாரதிய நியாய சன்ஹிதா 143 வந்திருக்கிறது. சுரண்டல் என்பதன் விளக்கத்தில் பிச்சையெடுக்க வைப்பதைச் சேர்த்திருக்கிறார்கள். 'கட்டாய உழைப்பு' என்ற சொல்லை இம்முறையும் சேர்க்கவில்லை. 'உடல் ரீதியான சுரண்டல்' என்ற வார்த்தைக்குள் சூளையும் மில்லும் அடங்கும் என்று ஒவ்வொரு தடவையும் வாதாட வேண்டும். 1982இலேயே உச்ச நீதிமன்றம் ஏஷியாட் வழக்கில் (டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றியது), குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று தீர்ப்புச் சொன்னது. அதை ஏன் சட்டத்தில் ஒரு வரியாக எழுதக் கூடாது? எனக்குப் புரியவில்லை.

19 ஆகஸ்ட் 2024

நடுவில் ஒரு விலகல். மியான்மரின் இணைய மோசடி முகாம்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டுப் பையன்கள் 13 பேர் மீண்டு வந்தார்களே, அதிலிருந்து என் படிவங்கள் பழசாகிவிட்டன. ஏழை, படிக்காதவர், கடன்காரர் என்று நாங்கள் வைத்திருந்த அளவுகோல் எதிலும் இவர்கள் வரமாட்டார்கள். ஐடி வேலை, தாய்லாந்து என்று நம்பிப் போனவர்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் 1,00,000 பேர் இப்படி அடைபட்டு மோசடி செய்ய வைக்கப்படுகிறார்கள் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது. பாதிக்கப்பட்டவர்தான், ஆனால் அவர் கையால் இன்னொருவர் பணம் போயிருக்கிறது. திரும்பி வந்தவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் வீட்டில் உட்கார்ந்து அவரிடம் என்ன கேட்பது? நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

1 செப்டம்பர் 2024 (கேட்டவர்)

களத்தில் இரண்டாவது மாதம். நேற்று ஒரு பெண் பேச்சின் நடுவே அழுதார். படிவத்தில் இன்னும் 20 கேள்வி பாக்கி. என்ன செய்வதென்று தெரியாமல் தொடர்ந்து கேட்டு முடித்துவிட்டேன். இரவு தூங்கவில்லை.

1 செப்டம்பர் 2024, இரவு

தம்பி, முதலில் சாப்பிடுங்கள். அப்புறம் இதைப் படியுங்கள்.

நானும் செய்திருக்கிறேன். இரண்டாவது வருஷம், ஒரு பெண்ணிடம் மில் சூப்பர்வைசரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள் அறையில் மாமியார் இருந்தது எனக்குத் தெரியாது. விசாரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்தும் அடுத்த கேள்விக்குப் போனேன். பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்லித்தான் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் 2003இல் இதற்கென்றே பத்து விதிகள் வெளியிட்டது. முதல் விதி, தீங்கு செய்யாதே. பயிற்சியில் படித்திருப்பீர்கள். நடைமுறையில் அதன் பொருள்: நோட்டை மூடிவிடலாம். 20 கேள்வி காலியாக இருந்தால் இருக்கட்டும், 'நிறுத்தினேன்' என்று எழுதுங்கள். தென்கிழக்கு ஆசியாவில் மீட்கப்பட்ட 1,100க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில் 61 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. எதிரே உட்கார்ந்திருப்பவர் அவர்களில் ஒருவர் என்று நினைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள். நாளைக்கு உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லி, ஆலோசகர் ஒருவரை அந்தப் பெண்ணிடம் அனுப்புங்கள். நீங்களாகத் தனியே போக வேண்டாம்.

5 செப்டம்பர் 2024

ஆலோசகர் போய்வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அந்தப் பெண்ணே அடுத்த வாரம் வரச் சொன்னார் என்பதைப் படித்ததும் எனக்கு மூச்சு வந்தது.

16 நவம்பர் 2024

எண்ட்லைன் படிவம் தயாராகிறது, ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிவத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது, நீளம்தான் அதிகம். சொத்து பற்றிய பகுதியில் பாதியை வெட்டிவிடலாம்.

வீட்டு உறுப்பினர் பட்டியலில் மட்டும் கை வையுங்கள். "இப்போது வசிப்பவர்கள் யார்" என்று தொடங்காதீர்கள். பேஸ்லைனில் எழுதிய பெயர்களை அச்சடித்து எடுத்துப்போய் ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். "செல்வி எங்கே? முருகன் எங்கே?" பதிலை அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள். 'வெளியூர்' என்று சொன்னால் எந்த ஊர், யார் கூட்டிப்போனது, கடைசியாக எப்போது போனில் பேசினார்கள் என்பது வரை போங்கள். வீட்டுக்குப் பத்து நிமிஷம் கூடுதலாக ஆகும். பட்ஜெட்டில் அந்தப் பத்து நிமிஷத்துக்கு இடமில்லை என்று சொன்னால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.